அக்கா குழந்தைக்குப் பிறவியிலேயே செதில் தோல். வெயில் காலத்தை எப்படிச் சமாளிப்பது? அடுத்து என்ன செய்வது?

கரூர் சித்தி:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்குத் தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உடம்பு முழுக்கப் பளபளவென்று இறுக்கமாக ஒரு ஜவ்வு. கண் இமைகள் வெளியே புரண்டு உள்சிவப்பு தெரிந்தது, உதடும் அப்படித்தான், வாயை மூடவே முடியவில்லை. 'கொலோடியன் பேபி' என்றார்கள். இன்குபேட்டரில் வைத்து, பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்து, எப்படியோ பிள்ளையை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள், அந்த நர்ஸுகளுக்குக் கோடி நன்றி. ஜவ்வு உரிந்துவிட்டது. ஆனால் அதற்கு அடியில் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக வருகிறது. நெற்றி, கழுத்து, கை கால் மடிப்பு, தலை எல்லா இடத்திலும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லமெல்லார் இக்தியோசிஸ்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். வாசலின் தடவச் சொன்னார்கள், பெரிய மருத்துவமனையில் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எங்கள் அம்மாவின் சொந்தத் தம்பி. அக்காவுக்கு மாமியாரும் எங்கள் அம்மாச்சியும் ஒருவர்தான். அவர் நல்ல மனுஷி, ஆனால் பயத்தில் ஆளுக்கு ஆள் சொல்வதையெல்லாம் கேட்கிறார். கிரகணத்தில் வெளியே போனாள் என்கிறார், வயலில் யாரோ பாம்பை அடித்த தோஷம் என்கிறார். பயத்தம் மாவு போட்டுத் தேய்த்தால் செதில் போய்விடும், குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்ட வேண்டும் என்று தினமும் சண்டை. அக்கா சாப்பிடுவதே இல்லை.

என் கேள்விகள்: இது தானாகச் சரியாகுமா? பங்குனி முடியப்போகிறது, கரூர் வெயில் உங்களுக்குத் தெரியும், குழந்தை இப்போதே மத்தியானத்தில் நெருப்பாகக் கொதிக்கிறாள், ஒரு சொட்டு வியர்வை இல்லை. என்ன செய்வது? அடுத்த குழந்தைக்கும் வருமா? இன்னொன்று, கேட்கவே தயக்கமாக இருக்கிறது. எனக்கும் எங்கள் பெரிய மாமாவின் பையனைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன முடிவு எடுப்பது? தேவையென்றால் குழந்தையின் போட்டோ போடுகிறேன்.

சிவகாசி அம்மா:

தங்கச்சி, முதலில் போட்டோ போடாதே. பொதுவில் ஒரு தடவை போன படம் திரும்பி வராது. என் மகன் பிறந்தபோது மருத்துவமனையில் சம்பந்தமே இல்லாத ஆட்களெல்லாம் போனில் படம் எடுத்துப் போனார்கள், 'பிளாஸ்டிக் குழந்தை' என்று அது வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. சிகிச்சை பார்க்கும் டாக்டர் காரணம் சொல்லி அனுமதி கேட்டால் மட்டும் எடுக்க விடுங்கள்.

என் மகனுக்கு இதே லமெல்லார்தான். இப்போது நான்காம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறான், செஸ் ஆடுகிறான், வாய் ஓயாது. இந்தத் தோலால் அறிவுக்கு எந்தக் குறையும் வராது, தொட்டால் யாருக்கும் ஒட்டாது. இதை அக்காவிடம் இன்றைக்கே சொல். கிரகணமும் இல்லை, பாம்பும் இல்லை. அக்கா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததும் இல்லை.

இனி வெயில். வியர்வைச் சுரப்பி இருந்தாலும் செதில் அதன் வாயை அடைத்துவிடுகிறது, அதனால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், வெயிலால் ஏறிய சூடு அந்த மருந்துக்கு இறங்காது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். சூடு ஏறினால் துணியைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை உடம்பில் போட்டு மின்விசிறிக் காற்றில் படுக்க வையுங்கள், துணி காயக் காய நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்படியும் இறங்கவில்லை, பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறாள் என்றால் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மத்தியானம் மின்சாரம் போகும் ஊர் என்றால் சின்ன இன்வெர்ட்டர் வாங்குங்கள். எங்கள் வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கினோம், அதைவிட உருப்படியான செலவு எதுவும் நாங்கள் செய்ததில்லை. பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை வெளியே எடுத்துப் போகவே வேண்டாம். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால் கோடை முடிகிற வரை வேறு அறை, வேறு வீடு பார்ப்பதுகூடத் தப்பில்லை.

கோடையில் வாசலினைக் கனமாக அப்பினால் சூடு உள்ளேயே தங்கும். நாங்கள் பகலில் லேசான கிரீமோ லிக்விட் பாரஃபின் எண்ணெயோ மெல்லிசாகத் தடவுவோம், கனமான களிம்பு ராத்திரிக்குத்தான். குளிப்பாட்டும்போது அவசரம் கூடாது. கொஞ்சம் பெரிய குழந்தையானதும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம்கூட ஊற விடலாம், ஊறிய செதில் மெத்தென்ற ஸ்பாஞ்சில் தானாக வரும். பயத்தம் மாவு, நலங்கு மாவு, பீர்க்கங்கூடு எதுவும் வேண்டாம், கீறல் விழுந்தால் சீழ் பிடிக்கும். வராத செதிலைப் பிய்க்கவே கூடாது. குளித்ததும் துடைத்தும் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே தடவிவிட வேண்டும். ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் களிம்பின் வேலை. காய்ந்த தோலில் எவ்வளவு தடவினாலும் பாதிதான் பலன்.

சாம்பிராணிக்கு நான் கண்டிப்பாக 'வேண்டாம்' சொல்வேன். சூடு, புகை என்பதோடு போகவில்லை. வாசலினும் பாரஃபினும் ஊறிய துணியில் தீப்பிடித்தால் சட்டென்று பரவும். துவைத்தாலும் அது முழுசாகப் போவதில்லை. பிரிட்டனில் அரசே இதற்குத் தனி எச்சரிக்கை விட்டிருக்கிறது. எங்கள் ஊரில் பட்டாசுக்குப் பஞ்சமில்லை, தீபாவளிக்கு என் மகன் மாடியில் நின்று பார்ப்பதோடு சரி. அடுப்பு, கார்த்திகை விளக்கு, கொசுவத்தி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

பள்ளியில் சேர்க்கும்போது நானே போய் டீச்சரிடம் பேசினேன். மின்விசிறிக்குக் கீழே இடம், கையில் தண்ணீர் ஸ்பிரே பாட்டில், பி.டி. பீரியடில் நிழல். பிள்ளைகளிடம் அவனே சொன்னான், 'எனக்குத் தோல் சீக்கிரம் வளரும், ஒட்டாது' என்று. முதல் வாரம் முறைத்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பெரியவர்கள்தான் மறப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

தோல் டாக்டர் (திருநெல்வேலி):

சிவகாசி அம்மா சொன்னதில் பெரும்பாலானது அப்படியே சரி. நான் சிலவற்றைச் சேர்க்கிறேன். குழந்தையைப் பார்க்காமல் எழுதுவதால் இதைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தானாகச் சரியாகுமா என்றால், கொலோடியன் ஜவ்வோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு ஜவ்வு உரிந்தபின் தோல் ஏறக்குறைய இயல்பாகிவிடும். உங்கள் குழந்தைக்குப் பழுப்புச் செதில் வரத் தொடங்கிவிட்டது என்பதால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. வாழ்நாள் முழுக்கப் பராமரிக்க வேண்டிய தோல் என்று மனதைத் தயார் செய்யுங்கள். பிறந்த முதல் சில வாரம்தான் உயிருக்கு ஆபத்தான கட்டம், நீரிழப்பு, சூடு குறைவது, கிருமித் தொற்று எல்லாம் அப்போதுதான் அதிகம் வரும். அதை உங்கள் குழந்தை தாண்டிவிட்டாள், சாதாரண விஷயமில்லை.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவே உள்ள கொழுப்பு சாந்து. லமெல்லார் வகையில் பெரும்பாலும் டி.ஜி.எம்.1 என்ற மரபணுவில் பழுது, செங்கல்லைச் சுற்றியுள்ள உறையை இறுக்கிக் கட்டும் நொதியை உண்டாக்குவது அதுதான். சுவர் ஒழுகுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது, உடம்பு பதறிப்போய் மேலே மேலே அடுக்குகிறது. அந்த அடுக்குதான் செதில். ஒழுகும் சுவர் வெளியிலிருந்து பூசுவதையும் உள்ளே விடும். அதனால் செதிலை உரிக்கும் சாலிசிலிக் ஆசிட் களிம்பு இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது, அது ரத்தத்தில் ஏறி விஷமாகும். யூரியா கிரீமும் முதல் வயதில் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். மெடிக்கலில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு இதற்கு மருந்தே இல்லை. மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி அரைத்துப் பூசுவதும் வேண்டாம். அம்மாச்சி எண்ணெய் வைத்தே தீருவேன் என்றால் வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும், கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்.

கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று கவலையாக இருக்கிறது. இமை புரண்டிருக்கிறது என்கிறீர்கள். தூங்கும்போது கண் முழுதாக மூடுகிறதா என்று இன்று ராத்திரி டார்ச் இல்லாமல் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மூடவில்லை என்றால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வையையே பாதிக்கும். கண் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர், ராத்திரி களிம்பு, இமையைச் சுற்றி வாசலின் தடவி மெல்ல நீவிவிடுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். காதுத் துவாரத்திலும் செதில் அடைத்துக் காது மந்தமாகும், அவ்வப்போது இ.என்.டி.யில் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டில் பட்ஸ் போட வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு வளைவது நம் நாட்டில் அடிக்கடி பார்ப்பது, எனவே சொட்டு மருந்து அளவை டாக்டரிடம் கேளுங்கள். தோலைப் புதுப்பிப்பதிலேயே நிறையச் சக்தி செலவாவதால் எடை மெதுவாக ஏறும், பால் கூடுதலாகக் கொடுங்கள், மாதா மாதம் எடை பாருங்கள். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம்.

அடுத்த குழந்தை: அப்பா, அம்மா இருவரிடமும் இந்த மரபணுவில் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுது. ஒன்று நல்லதாக இருந்தால் தோல் நன்றாகவே இருக்கும், அதனால் இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டு பழுதும் சேர்ந்து வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது தவறு, ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். இன்னொன்றும் அக்காவுக்கு உரக்கச் சொல்லுங்கள்: பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இந்த நோய். தாயை மட்டும் குற்றம் சொல்ல மருத்துவத்தில் இடமே இல்லை.

மரபியல் மாணவி:

சித்தியின் கல்யாணக் கேள்விக்கு மட்டும் வருகிறேன், தயங்காமல் கேட்டது நல்லது. இப்படி ஒரு குழந்தை பிறந்தபிறகும் அதே குடும்பத்தில் அடுத்த முகூர்த்தம் குறிக்கிற வீடுகள் நிறைய.

அக்கா பழுதைச் சுமக்கிறார் என்பது உறுதி, மாமாவும் உறுதி. இருவருக்கும் அது அம்மாச்சியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் உங்கள் அம்மாவிடம் அது இருக்கிறது, உங்களுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பெரிய மாமாவுக்கும் இரண்டில் ஒன்று, அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. நீங்கள் இருவரும் சுமந்தால் குழந்தைக்கு வர நான்கில் ஒன்று. உங்களுடைய இரண்டில் ஒன்று, அவர் மகனுடைய நான்கில் ஒன்று, குழந்தையின் நான்கில் ஒன்று, இந்த மூன்றையும் பெருக்கினால் 32-ல் ஒன்று. லமெல்லார் இக்தியோசிஸ் பொதுவாக லட்சம், இரண்டு லட்சம் பிறப்புக்கு ஒன்று என்னும் அளவுக்கு அரிது, அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவுக்கு வெளியே மணந்தால் நீங்கள் சுமப்பவராகவே இருந்தாலும் வாய்ப்பு மிக மிகக் குறைந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் கணக்கு, ரத்தப் பரிசோதனை இதற்குத் திட்டமாகவே பதில் சொல்லிவிடும். முதலில் குழந்தையின் ரத்தத்தில் எந்த மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். டி.ஜி.எம்.1 அல்லாமல் வேறு சில மரபணுக்களும் இதே தோலைத் தரும், அதனால் குழந்தையிடம் தொடங்காமல் உங்களுக்கு நேரடியாகப் பார்ப்பது பயனில்லை. அது தெரிந்துவிட்டால் உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அக்கா மறுபடி கர்ப்பமானால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம், அதற்கும் குழந்தையின் அறிக்கை முன்பே கையில் இருக்க வேண்டும். கர்ப்பம் ஆனபின் ஓடினால் நேரம் போதாது. வேலூர் சி.எம்.சி.யில் மரபியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. முடிவு என்ன எடுப்பது என்பது உங்கள் குடும்பத்தின் விஷயம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

கோவையிலிருந்து ஒரு செதில்காரி:

மேலே எல்லோரும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள், வளர்ந்த குழந்தை நான் பேசுகிறேன். எனக்கும் லமெல்லார். எம்.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, கல்யாணம் ஆகி ஒரு மகள். அவளுக்குத் தோல் சுத்தமாக இருக்கிறது. கணவர் உறவில்லை, பரிசோதனையில் அவரிடம் பழுது இல்லை. என்னிடமிருந்து ஒரு பிரதி அவளுக்குப் போயிருக்கும், நோய் வராது. சித்தி, இதை உங்கள் அக்காவிடம் காட்டுங்கள், மகளின் பிற்காலத்தை நினைத்து அவர் அழுவார் என்று எனக்குத் தெரியும், என் அம்மா அப்படித்தான் அழுதார்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் யாராவது சீக்கிரமே உங்களிடம் 'ஒரு மாத்திரை இருக்கிறது, சரியாகிவிடும்' என்பார்கள். அசிட்ரெட்டின். எனக்குப் பதின்ம வயதில் கொடுத்தார்கள். செதில் நன்றாகக் குறைந்தது, வெயிலில்கூட ஓரளவு வியர்த்தது, முதன்முதலாகக் கழுத்தைச் சிரமமில்லாமல் திருப்பினேன். ஆனால் நிறுத்தினால் பழையபடி வந்துவிடும். உதடு வெடிக்கும், கொழுப்பும் ஈரலும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வருடக் கணக்கில் சாப்பிட்டால் எலும்பிலும் கை வைக்கும். எல்லாவற்றையும்விட, பெண் பிள்ளை என்பதால் கேளுங்கள்: இது கருவைக் கடுமையாகச் சிதைக்கும். நிறுத்தி மூன்று வருடம் வரை கர்ப்பமாகக் கூடாது. நிறையப் பெண்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை, வரன் வந்தபிறகு அவசர அவசரமாக நிறுத்துகிறார்கள். என் டாக்டர் முதல் நாளே சொன்னதால் நான் திட்டமிட்டு நிறுத்தினேன்.

தினசரி வாழ்க்கையில் என்னை அதிகம் படுத்தியது விரல் ரேகைதான். ரேகை சரியாக விழாது. ரேஷன் கடையில், சிம் கார்டு வாங்கும்போது, வங்கியில் என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஐந்து வயதில் ஆதாருக்கு ரேகை எடுக்கக் கூப்பிடும்போது, ரேகை விழாது என்று முன்பே சொல்லி, கருவிழிப் பதிவு ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

தலைமுடி: ராத்திரி எண்ணெயோ பாரஃபினோ ஊற வைத்து, காலையில் பல் அகன்ற சீப்பால் மெதுவாகத் தூக்கி எடுங்கள். பலமாகச் சுரண்டினால் முடியும் சேர்ந்து போய் அந்த இடம் வழுக்கையாகும்.

அம்மாச்சியிடம் சண்டை போடாதீர்கள். அவர் கையில் களிம்பு டப்பாவைக் கொடுத்து, 'தடவுகிற வேலை இனி உங்களுடையது' என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தாதான் கடைசி வரை எனக்குத் தடவிவிட்டார், நாக தோஷம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

கரூர் சித்தி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்காவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கோவை அக்கா எழுதியதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். டாக்டர், தூங்கும்போது கண் கால்வாசி திறந்துதான் இருக்கிறது, நாளைக் காலையிலேயே கண் டாக்டரிடம் போகிறோம். கல்யாணப் பேச்சை, குழந்தையின் மரபணு அறிக்கை வரும்வரை தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன், அப்பா ஒத்துக்கொண்டார், அம்மா இன்னும் இல்லை. வேலூருக்குப் போவதாக இருக்கிறோம். அவ்வளவு தூரம் இந்த வெயிலில் குழந்தையை எப்படி எடுத்துப் போவது?

சிவகாசி அம்மா:

ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடியுங்கள், விடிகிற நேரத்தில் அங்கே இருக்கிற மாதிரி. திரும்புவதும் பொழுது சாய்ந்தபிறகு. நாலைந்து பருத்தித் துணி, தண்ணீர், ஸ்பிரே பாட்டில், தெர்மாமீட்டர், பேட்டரி விசிறி. வெளியே வரிசையில் நிற்க ஒருவர், குழந்தையோடு நிழலில் உட்கார ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் போங்கள், அக்காவை வரிசையில் நிறுத்தாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். குடும்பத்தில் யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு தலைமுறைக்கு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், கட்டாயம் கேட்பார்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்தக் கணக்கை டாக்டர் வாயால் அவர் நேரில் கேட்கட்டும்.